நாற்பத்தொரு செக்கன்

இடது பொக்கற்றை நான் வைப்பேன்,
வலதை றிஸ்மியா.
ஒரே களிசானுக்குப் பாலையூற்று ஒரு பக்கம்
கிண்ணியா மறுபக்கம்.
எந்த ஊரில் எவன் போடுகிறானோ,
இரண்டுக்குள்ளும் கைவிட்டுக்கொண்டு நிற்பான்.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்,
கழுத்தில் ஸ்டொப்வோச்.
என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.
முதுகுக்கும் வேர்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.
நாற்பத்தொரு செக்கன், என்றார்.
ஆங்கிலத்தில் எழுதி, அடிக்கோடு போட்டார்.

அடுத்த கிழமை கமெராவோடு வந்தார்.
முகம் தேவையில்லை, கை மட்டும் காணும் என்றார்.
நான் பவுடர் போட்டு
மல்லிகையும் வைத்துப் போயிருந்தேன்.

துணியைத் திருப்புகிற இடத்தில்
சின்னவிரலால் ஒரு தட்டு இருக்கிறது.
சுப்பவைசர் தயானிக்கும் அது தெரியாது.
துவாரகன் வயிற்றில் ஆறுமாதம்,
மேசைக்குக் கிட்டப் போக ஏலாமல்
எட்டிநின்று தைத்த நாட்களில்
விரல் தானாகவே பழகிய தட்டு.
நாலு செக்கன் மிச்சம்.
ஒரு நாளைக்கு அறுநூறு பொக்கற்.
நாற்பது நிமிடம் அது,
யாருடைய கணக்கில் சேர்ந்ததென்று
நான் இதுவரை கேட்டதில்லை.

பிறகு கன்ரீனில் கூட்டம்.
சுவரில் வெளிச்சம் அடித்து ஐந்து தூண் காட்டினார்கள்,
ஐந்து நாடு.
எங்கள் தூண்தான் உயரம்.
நான் முதலில் சந்தோஷப்பட்டேன்.
"உங்கட நிமிசம் விலை கூட" என்றார் மனேஜர்,
மீன்சந்தையில் பாரைக்குச் சொல்வதுபோல.

வீட்டில் என் நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தேன்.
பஸ்காசு. காஸ் சிலிண்டரில் ஒரு மூச்சு.
சீட்டுக்காசு. துவாரகனின் சப்பாத்தில் பாதிக் குதி.
இதில் எதை விலை குறைப்பது?
எங்களைவிடப் பதிந்த அந்த நாலு தூணிலும்
அரிசி கிலோ என்ன விலை?
ஆகக் குட்டையான தூணில் இருப்பவள்
எந்தநேரச் சாப்பாட்டை விடுகிறாள்?

பஸ் சீனக்குடாவால் வரும்போது
விடியல் வெளிச்சத்தில் கடல் தெரியும்.
மலையே மூழ்குகிற ஆழம் என்று
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம்.
எங்கள் களிசான் மட்டும் லொறியில் ஏறி
ஹபரணைக் காட்டில் யானைக்கு வழிவிட்டு
கொழும்பில் போய்க் கப்பலைப் பிடிக்கிறது.
அந்த டீசலும்
என் நிமிடத்தின் தலையில்தான் எழுதியிருக்கிறது.

மூன்றாம் லைனை மூடினார்கள்.
மெசின்களுக்குப் பொலித்தீன் சுற்றினார்கள்,
மையத்துக்குச் சுற்றுவதுபோல் என்று றிஸ்மியா சொல்லி
உடனே வாயில் அடித்துக்கொண்டாள்.
என்னுடையது பதினேழாம் இலக்கம்.
எங்கேயோ ஆபிரிக்காவுக்கு என்றார்கள்.
நூல் இறுக்கத்தை என் கைக்கு வைத்தபடியே விட்டுவிட்டேன்.
அங்கே வருகிறவள்
முதல்நாள் என்னைத் திட்டித்தான் தொடங்குவாள்.

றிஸ்மியா மூதூரில் மாமியின் கடையில் நிற்கிறாள்.
நான் நிலாவெளி ஹொட்டலுக்குப் போனேன்.
கட்டில் ஒன்று விரிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்
என்று கேட்டார்கள்.
வாயில் செக்கன் வந்தது.
விழுங்கிவிட்டு, பத்து நிமிடம் என்றேன்.

நேற்று தயானி அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள்.
துவாரகன் பார்த்துவிட்டு, ஆற்ற கை அம்மா என்றான்.
மூன்றுதரம் போட்டுப் பார்த்தேன்.
சின்னவிரல் அசையவே இல்லை.
கமெராப் பயத்தில் மறந்தேனா
வேண்டுமென்றே ஒளித்தேனா,
எனக்கே நிச்சயமில்லை.
நாற்பத்தைந்து செக்கன்தான் கப்பலேறியிருக்கிறது.

அவளும் ஒருநாள் கண்டுபிடிப்பாள்,
வயிறு தள்ளியோ தோள் நொந்தோ.
சின்னவிரல் ஒருதரம் தட்டும்.
அவளுக்குப் பின்னால் அப்போது
யாரும் நிற்காமல் இருக்கவேண்டும்.